எதிர்க்கரை

போன வருஷம் கண்மாய்க்குள் ஜேசிபி விட்டுத் தள்ளிய சீமைக் கருவேலத்தின் அடிக்கட்டை ஒன்றில் இன்று காலை ஏழு தளிர். எண்ணிப் பார்த்தேன். எல்லாமே என் இடுப்பு உயரம்.

பக்கத்தில் ஓர் அப்பத்தா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆடுகள் எதிர்க்கரையில் உதிர்ந்து கிடந்த சீமைக் கருவேல மஞ்சள் நெற்றைத் தின்றுவிட்டு, இந்தப் பக்கம் வந்து புழுக்கை போட்டன. காய்ந்த புழுக்கை ஒன்றைக் குச்சியால் உடைத்தேன். உள்ளே விதை முழுசாக இருந்தது.

இந்தக் கரை சுத்தம் செய்தது. எதிர்க்கரைக்கு அப்பால் பட்டா நிலம். அதைத் தாண்டினால் ரோட்டோரம், அது வேறு துறை. கண்மாயிலேயே ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஓர் அலுவலகம், குறைந்தால் ஒன்றியம். ஆட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக அரிவாளோடு இறங்கினார்கள். 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்றே தமிழக அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் முதுமலைக் காட்டில் மஞ்சள் கொன்றை என்ற இன்னோர் அந்நிய மரத்தை அகற்றினால் போதுமா? ஒட்டியே பந்திப்பூர், வயநாடு. மூன்று மாநிலம், ஒரே காடு.

"எல்லாரும் ஒரே நேரத்துல வேரோட எடுத்தாத்தான் ஒழியும் அப்பத்தா" என்றேன்.

"எடுங்கப்பா. அடுப்புக்கு என்னத்த வைக்க? கரிமூட்டம் போடுறவுக எங்க போவாக?"

சரியான பதில் என்னிடம் இல்லை. அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், எதிர்க்கரைக்கு.