கருப்பணி முட்டிக்குள் ஒரு நொதியம்

கருப்பணியும் (பதநீரும்) கள்ளும் பனையின் ஒரே பாளையிலிருந்து வடியும் ஒரே சாறுதான் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்தது. பாளையில் கட்டும் மண்முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் காலையில் இறங்குவது கருப்பணி. பூசாவிட்டால் இறங்குவது கள். சுண்ணாம்பு அங்கே என்ன செய்கிறது என்று கேட்டால், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவர்கள்கூடப் பெரும்பாலும் "நொதித்தலைத் தடுக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். விடை பிழையன்று. ஆனால் உயிர்களின் வேதித் தாக்கங்களை விரைவாக்கும் புரதங்களே நொதியங்கள்; அவற்றைப் பற்றிய நொதியவியலின் அடிப்படைச் சமன்பாடு எந்த நொதியத்தை வைத்து எழுதப்பட்டதோ, அதே நொதியம்தான் நம்முடைய முட்டிக்குள்ளும் வேலை செய்கிறது என்பதை அந்த விடை மறைத்துவிடுகிறது. தாவரவியலும் நுண்ணங்கியியலும் கற்பித்துவரும் எனக்கு, இதைச் சற்று விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு.

பாளையிலிருந்து அப்போதுதான் வடிந்த சாற்றில் உள்ள வெல்லம் (சர்க்கரை) ஏறத்தாழ முழுவதும் சுக்குரோசுதான். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை அது இருக்கும். காற்றிலிருந்தும், பூச்சிகளிலிருந்தும், சீவும் கத்தியிலிருந்தும், எல்லாவற்றிற்கும் மேலாக நேற்றைய முட்டியின் சுவரிலிருந்தும் நுண்ணங்கிகள் இந்தச் சாற்றில் இறங்குகின்றன. அவற்றுள் முதன்மையானது சக்கரோமைசெஸ் செரிவிசியே என்னும் மதுவம் (ஈஸ்ட்). இந்த மதுவம் தன் கலச்சுவரை அண்டி இன்வேர்ட்டேசு என்னும் நொதியத்தை வைத்திருக்கிறது. அந்நொதியம் சுக்குரோசை நீரின் துணையோடு குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் வெட்டிக் கொடுக்க, கலம் அவ்விரண்டையும் உள்ளெடுத்து மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. சைமோமோனஸ் போன்ற பற்றீரியாக்களும் இதே வேலையைத் தம் வழியில் செய்கின்றன. இலத்திக்கமில பற்றீரியாக்களும், நேரம் செல்லச் செல்ல அசற்றிக்கமில பற்றீரியாக்களும் சேர்ந்து புளிப்பை ஏற்றுகின்றன. பனங்கள்ளின் நுண்ணங்கிகளைப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் பேராசிரியர் தெய்வேந்திரராஜாவும் உடனாய்வாளர்களும் 1980களிலேயே ஆராய்ந்து அனைத்துலக ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள் என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்வேர்ட்டேசை மதுவத்தின் சாற்றிலிருந்து முதலில் பிரித்துக் காட்டியவர் பிரான்சு நாட்டு வேதியியலாளர் பேர்த்தெலோ, ஆண்டு 1860. உயிருள்ள கலம் இல்லாமலே, மதுவத்தைப் பிழிந்த சாறு மட்டுமே வெல்லத்தை மதுசாரமாக்கும் என்று 1897இல் எட்வார்ட் பூக்னர் காட்டி, அதற்காக 1907இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது 1913ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டில் பேர்லினில் லியோனோர் மைக்கேலிஸ் என்பவரும், கனடாவிலிருந்து அங்கு சென்று பணியாற்றிய மருத்துவர் மோட் மென்டன் என்ற பெண்மணியும், இன்வேர்ட்டேசு சுக்குரோசை எவ்வளவு விரைவாக வெட்டுகிறது என்பதை முனைவுமானியின் துணையோடு அளந்தார்கள். சுக்குரோசுக் கரைசல் முனைவாக்கிய ஒளியின், அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியின், தளத்தை வலப்பக்கம் திருப்பும். வெட்டப்பட்ட கலவை இடப்பக்கம் திருப்பும். ஆகவே கோணம் மாறும் வேகமே நொதியத்தின் வேகம். கரைசலின் அமிலத்தன்மை இடையில் மாறிவிடாதபடி தாங்கற் கரைசலைப் பயன்படுத்தியதும், தாக்கத்தின் தொடக்க வேகத்தை மட்டும் கணக்கில் எடுத்ததும் அவர்கள் கொண்டுவந்த ஒழுங்குகள். இன்று உலகின் எந்த நொதிய ஆய்வுகூடமும் இவ்விரண்டு ஒழுங்குகளுக்கு வெளியே வேலை செய்வதில்லை.

அவர்கள் கண்ட சமன்பாட்டில் ஒரு மாறிலி உண்டு. கீழ்ப்படையின், அதாவது நொதியம் வெட்டும் பொருளின், செறிவு எந்த அளவில் இருக்கும்போது நொதியம் தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டுகிறதோ, அந்தச் செறிவே அது. இன்வேர்ட்டேசுக்கு அவர்கள் பெற்ற மதிப்பு லீற்றருக்கு 0.0167 மோல். இப்போது நம்முடைய சாற்றை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 120 கிராம் சுக்குரோசு என்று வைத்தால், சுக்குரோசின் மூலக்கூற்றுத் திணிவு 342 ஆகையால், செறிவு ஏறத்தாழ 0.35 மோல். அந்த மாறிலியைப்போல் இது இருபத்தொரு மடங்கு. செறிவை, செறிவும் மாறிலியும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் உச்ச வேகத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும் என்பதே அச்சமன்பாடு. அதில் இட்டுப் பார்த்தால் முட்டிக்குள் உள்ள நொதியம் தன் உச்ச வேகத்தில் நூற்றுக்கு 95 பங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே அளவு நொதியம் இருக்க, சாற்றில் சம அளவு நீரை ஊற்றிச் செறிவைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் 91 பங்குக்குத்தான் இறங்கும். அதாவது வெல்லத்தின் செறிவை மாற்றி இந்த நொதியத்தை அடக்க வழியே இல்லை. நொதியத்தையேதான் முடக்க வேண்டும். இன்வேர்ட்டேசு நன்றாக வேலை செய்வது பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 4.5 அளவிலான மென்னமில நிலையில். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு இழுத்துச் செல்ல, நொதியம் செயலிழக்கிறது, மதுவமும் வளராமல் நிற்கிறது. நம்முடைய சீவல் தொழிலாளர்கள் எந்தச் சமன்பாடும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவந்த முறை, சமன்பாடு காட்டும் அந்த ஒரே வழியில்தான் நடக்கிறது. இக்கணக்கை மாணவர்கள் தாமே போட்டு முடிக்கும்போது வகுப்பில் உண்டாகும் அமைதி எனக்கு மிகவும் பிடித்தமானது.

பனங்கட்டி காய்ச்சுபவர்களுக்கு இது நேரடியான தொழிற் பிரச்சினையும் ஆகும். சுக்குரோசு நன்றாகப் பளிங்காகும். குளுக்கோசும் பிரற்றோசும் கலந்த வெல்லம் ஈரத்தை இழுத்துப் பசைபோல் நிற்கும். காய்ச்சுவதற்கு முன்பே சுக்குரோசின் ஒரு பகுதி வெட்டுண்டிருந்தால், எவ்வளவு நேரம் கிண்டினாலும் பனங்கட்டி சரியாக இறுகாது. மறுபுறம், சுண்ணாம்பு மிகுந்தால் அதே குளுக்கோசும் பிரற்றோசும் காரத்தில் சிதைந்து நிறத்தைக் கறுக்கச் செய்யும்; சுவையும் கெடும். ஆகவே முட்டியைக் கொதிநீரால் கழுவுவதும், சுண்ணாம்பை அளந்து இடுவதும், பி.எச். தாள் ஒன்றால் சாற்றைச் சோதிப்பதும் பெரிய முதலீடு எதுவும் வேண்டாத உயிர்த்தொழில்நுட்பம் என்றே நான் கருதுகிறேன்.

ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்துக்கு வந்தால் கதை வேறு நொதியத்துக்குச் செல்கிறது. பனங்களியின் (பழச்சதையின்) நிறமும் மணமும் எவரையும் இழுக்கக்கூடியவை. ஆயினும் களியை உலர்த்திச் செய்யும் பனாட்டையும் பணியாரத்தையும் தாண்டி அது பெரிய அளவில் பானமாகவோ பழக்கூழாகவோ விற்பனைக்கு வராததற்கு முதற் காரணம் அதன் கசப்பு. பிளபெலிபெரின்கள் எனப்படும் ஸ்டீரொயிட்டுச் சபொனின்களே அக்கசப்பின் மூலம். ஒரு ஸ்டீரொயிட்டு உடலோடு குளுக்கோசு, றம்னோசு என்னும் வெல்லங்கள் சங்கிலியாக இணைந்த மூலக்கூறுகள் அவை. அஸ்பேர்ஜிலஸ் நைகர் போன்ற பங்கசுகளிலிருந்து கிடைக்கும் நரிங்கினேசு என்ற நொதியம், தோடை (ஆரஞ்சு) இனப் பழச்சாறுகளின் கசப்பை நீக்க ஏற்கனவே பயன்பட்டு வருகிறது. அதனுள் இரண்டு வினைகள் அடங்கியிருக்கின்றன: ஒன்று றம்னோசைக் கழற்றும், மற்றது குளுக்கோசைக் கழற்றும். இதே நொதியத்தால் பனங்களியின் கசப்பையும் குறைக்கலாம் என்பதை இலங்கை ஆய்வாளர்கள் 1990களிலேயே காட்டிவிட்டார்கள். கசப்பை முற்றாக அகற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மெல்லிய கசப்பு இல்லாத பனாட்டு எனக்குப் பனாட்டாகத் தோன்றுவதில்லை. ஆனால் எவ்வளவு கசப்பை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு அந்த நொதியம் மலிவாகக் கிடைக்க வேண்டும்.

விலைகொடுத்து வாங்கும் தூய நொதியங்களின் விலை ஒரு சிறு தொழிலகத்தால் தாங்கக்கூடியதன்று. ஆகவே நுண்ணங்கிகளை நம் மண்ணிலேயே தேடிப் பிரித்தெடுப்பதைத்தான் நான் வலியுறுத்துகிறேன். இத்தேடலின் முதற்படிக்கு வேண்டியவை மிகவும் எளியவை. மாப்பொருள் கலந்த ஏகார்த் தட்டில் (நுண்ணங்கிகளை வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டில்) மண்ணின் ஐதாக்கிய கரைசலைப் பரப்பி, இரண்டு நாள் வளரவிட்டு, அயடீன் கரைசலை ஊற்றினால், தட்டு முழுவதும் கருநீலமாகும். மாப்பொருளை வெட்டும் அமிலேசு என்ற நொதியத்தைச் சுரக்கும் கூட்டங்களைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். ஆனையிறவு உப்பளத்துச் சேற்றில் வாழும் உப்பு விரும்பிகளின் நொதியங்கள், சாதாரண நொதியங்கள் வீழ்படிவாகிவிடும் உப்புச் செறிவிலும் வேலை செய்யக்கூடியவை. அழுகிய பனம்பழத்தின் தோலில் வளரும் பங்கசுகளுள், பழச்சதையின் பெக்ரினை வெட்டும் பெக்ரினேசையும் நரிங்கினேசையும் தேடுவதே இயல்பான தொடக்கம். மாப்பொருளை வெட்டும் நொதியங்களைப் பற்றி யாழ். மருத்துவ பீடத்தின் உயிர்இரசாயனத் துறையில் பேராசிரியர் பாலசுப்பிரமணியமும் பேராசிரியர் வசந்தி அரசரத்தினமும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள், இங்கே அமர்ந்தபடியே இத்துறையில் தரமான வேலை செய்ய முடியும் என்பதற்குச் சான்று. 1990களில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததை நினைவில் கொண்டால், அவ்வேலையின் மதிப்பு இன்னும் கூடும். பிரித்தெடுத்த நுண்ணங்கிகளைப் பெயரிட்டு, உறைநிலையில் உலர்த்தி, நிலையாகப் பாதுகாக்கும் ஒரு சேகரிப்பகம் வடக்கில் வேண்டும். ஆய்வுமாணவர் பட்டம் பெற்றுச் சென்றவுடன் அவருடைய தட்டுகளும் சேர்ந்து கழுவப்பட்டுவிடும் வழக்கம் நமக்குப் பேரிழப்பு.

சாற்றுக்கும் பழத்துக்கும் அடுத்ததாக மூன்றாவது கேள்வி விதைக்குரியது. பனையில் ஆண் வேறு, பெண் வேறு. நட்டவர் பூக்கும்வரை, அதாவது பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ, வடலி (இளம்பனை) ஆணா பெண்ணா என்று அறியாமலே காத்திருக்க வேண்டும். திருவோத்தூரில் காய்க்காத ஆண்பனைகளைச் சம்பந்தர் காய்க்கச் செய்தார் என்ற வரலாற்றை நம் முன்னோர் போற்றிவந்ததற்குப் பின்னால் இந்த உழவர் கவலையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பப்பாசியிலும் பேரீச்சையிலும் நாற்றின் ஒரு துண்டு இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஆணுக்கு மட்டுமே உரிய ஒரு பகுதியை, டி.என்.ஏ.யைத் திரும்பத் திரும்ப நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, நாற்று ஆணா பெண்ணா என்று அறிகிறார்கள். பனையிலும் பாலைக் காட்டும் அத்தகைய டி.என்.ஏ. குறியைத் தேடி ஆய்வாளர்கள் உழைத்துவருகிறார்கள். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் அருகில் இருக்கும் நிலையில், நம்பகமான ஒரு குறி கையில் கிடைத்தால் அதனால் உடனே பயன்பெறும் இடம் யாழ்ப்பாணமே.

இங்கும் அடிப்படையில் இருப்பது ஒரு நுண்ணங்கியின் நொதியம்தான். பி.சி.ஆர். சுற்று ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ.யின் இரு இழைகளைப் பிரிக்க 95 பாகை வரை சூடாக்க வேண்டும். கரி மல்லிஸ் 1983இல் இம்முறையைச் சிந்தித்தபோது டி.என்.ஏ.யை நகலெடுக்கக் கையில் இருந்த ஈ. கோலை என்ற பற்றீரியாவின் நொதியம் அந்தச் சூட்டில் அழிந்துபோனதால், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தோமஸ் புறொக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிறீஸும் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் கண்டெடுத்து 1969இல் விவரித்த தேமஸ் அக்குவாற்றிக்கஸ் என்ற பற்றீரியாவின், டாக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நொதியம் அக்குறையைத் தீர்த்தது. சூடான ஊற்றில் என்ன வாழ்கிறது என்று அறியும் ஆர்வம் ஒன்றே அவர்களை அங்கு கொண்டுசென்றது.

இந்த டாக் நொதியத்தை உறைநிலைக்குக் கீழ் 20 பாகையில் வைக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்த நாட்டில், அதிக விலைகொடுத்து இறக்குமதி செய்த நொதியத்தை நம்பி ஆய்வுத் திட்டம் வகுப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதன் மூலக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது; பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் இதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. டாக் நொதியத்தின் மரபணுவைத் தாங்கிய ஈ. கோலையை வளர்த்து, கலங்களை உடைத்து, அந்தச் சாற்றை 75 பாகை நீர்த்தொட்டியில் வைத்தால், ஈ. கோலையின் சொந்தப் புரதங்கள் பெரும்பாலும் திரிந்து வீழ்படிவாகிவிடும். வெந்நீரூற்றில் பிறந்த நொதியம் மட்டும் கரைசலில் நிலைத்து நிற்கும். வேகமாகச் சுழற்றி வீழ்படிவைப் பிரிக்கும் மையநீக்கியும் நீர்த்தொட்டியும் உள்ள எந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் இதைச் செய்யலாம். இறுதியாண்டு மாணவர்களின் செய்முறைப் பயிற்சியில் இது இடம்பெற வேண்டும் என்று துறைக் கூட்டங்களில் வலியுறுத்தி வருகிறேன். தாமே தயாரித்த நொதியத்தைக் கொண்டு, தம் வளவிலுள்ள பூத்த பனைகளின், ஆண் எது பெண் எது என்று ஐயமில்லாமல் அறிந்த மரங்களின், இலைகளிலிருந்து அவர்கள் டி.என்.ஏ. எடுத்து ஒப்பிடத் தொடங்கலாம். பனையோலையில் டி.என்.ஏ. பிரிப்பைக் கெடுக்கும் பொலிபீனோல்களும் பல்சக்கரைட்டுகளும் மிகுந்திருப்பதால் முற்றிய ஓலை உதவாது, குருத்தோலையே வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.