நீலப் புள்ளி

"நன்றாகக் கடியுங்கள், அப்புச்சி."

புதுப் பல்செட்டை மாட்டி, பல் எங்கே இடிக்கிறது என்று பார்க்க மருத்துவர் வைத்த நீலத் தாளை அப்புச்சி கடித்தார். எடுத்தால், கீழ்க் கடைவாய்ப் பல்லின் உச்சியில் கடுகளவு நீலப் புள்ளி.

கோபிச்செட்டிபாளையத்தில், இன்று காலை.

மேல்பல் போய்ப் பல வருடம். எதிரே ஆள் இல்லாததால் கீழ்ப்பல் மெல்ல மெல்ல மேலேறிவிட்டது. பல்செட் உட்கார இடமில்லை. அளவெடுக்கும் முன்பே அந்தக் கீழ்ப்பல்லைக் கொஞ்சம் தேய்த்திருந்தார்கள். பல்செட்டின் கம்பி ஏறி உட்கார, மேல்வரிசையில் பக்கத்துப் பல்லில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சின்னக் குழியும் எடுத்தார்கள்.

"நல்ல பல்லை எதற்குங்க தேய்க்கிறீர்கள்?" என்று அன்று பதறியது நான்தான்.

பல்லின் மேல் ஓடான எனாமலில் நரம்பு கிடையாது, வலிக்காது. ஆனால் தேய்த்தது திரும்ப வளராது. அதனால்தான் இன்றும் தாளை வைப்பதும், பெரும்பாலும் பல்செட்டையே தேய்ப்பதும், சொந்தப் பல்லைத் தொட்டும் தொடாமல் விடுவதுமாக ஆறேழு முறை. அந்தப் பொறுமையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

புதிதாக வீட்டுக்கு வரும் மருமகளைத்தான் நாம் எப்போதும் வளையச் சொல்கிறோம். இங்கே பழைய பல்லும் இம்மியளவு விட்டுக்கொடுத்தது.

மதியம் அரிசிம்பருப்புச் சாதம். அப்புச்சி இரண்டு பக்கமும் மென்றார். மறுசோறு கேட்டார்.