குத்தகைக்கு வந்தவன் விற்றுவிட்டுப் போன ஊர்

கோபியிலிருந்து தரங்கம்பாடிக்குக் கிளம்பும்போது அம்மாவின் அப்பாவான அப்புச்சியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போட்டவர். வயலில் நின்ற நேரம் போக மிச்ச ஆயுள் முழுக்க ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில்தான்.

கோட்டைக்குள் போகிற வரை வம்பில்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி ஊரை வாங்கிக்கொண்ட டேனிஷ்காரர்கள், 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சத்துக்கு இங்கிலீஷ்காரர்களிடம் தள்ளிவிட்டார்கள். சுற்றிக்காட்டிய பையன் இதைச் சொன்னதும் அப்புச்சி நின்றுவிட்டார்.

"ஏனுங்க தம்பி, குத்தகைக்கு வந்தவன் எப்படிங்க கிரயம் பண்ணுவான்?"

"அது அந்தக் காலம் ஐயா."

"எந்தக் காலமா இருந்தா என்னங்க? வாங்குனவன் வில்லங்கம் போட்டுப் பார்க்கலீங்களா?"

பாவம் அந்தப் பையன். பேச்சை மாற்ற நினைத்து, டென்மார்க் ராஜாவுக்கு நாயக்கர் தங்க ஓலையில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருப்பதைச் சொன்னான்.

அப்புச்சி என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்க கண்ணு. மூலப் பத்திரமும் அவன்கிட்டயே இருக்குது."

பாதிரியார் சீகன்பால்குவின் புது எருசலேம் ஆலயம் 1718இல் கட்டியது, அழகோ அழகு. அங்கே இவர் கேட்டதை எழுதினால் சண்டை வரும், விடுங்கள்.

அப்புறம் கடலோர மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தது, 700 வருடம் தாண்டியாயிற்று. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நாங்கள் செல்ஃபி எடுக்க, அவர் அலையையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டுற மாதிரியே வெட்டியிருக்குது. சர்வேயரைக் கூட்டியாந்தாலும் கல்லை எங்க நடுவான்?"

அம்மாயி கடலைக் கும்பிட்டுவிட்டு, "வாங்க, புளிச்சோறு ஆறிப்போச்சு" என்றார். அது காலையிலேயே ஆறியதுதான்.

திரும்பும்போது மயிலாடுதுறையில் டீ. கடைக்காரரிடமும் அப்புச்சி வழக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைக்காரர் ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நாங்களும் மூணு தலைமுறையா கோயில் நிலத்துல குத்தகைதான் ஐயா. எங்களை யாரு விக்க விட்டா?"

அப்புச்சி ஒரு வாய் டீயைக் குடித்தார்.

"அப்படிப் பார்த்தா, அந்த டென்மார்க்காரன் கெட்டிக்காரன்தானுங்க."