ஃபிரிட்ஜுக்குள் கார் சாவி

எங்கள் படத்தில் நான்காவது நிமிடம் தாண்டியதும் ஒரு ரீங்காரம் கேட்கும். பாட்டி பாடத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஆரம்பித்து, பாட்டு முடியும்வரை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்தவர்களில் சிலர் அதைத் தம்புரா என்று நினைத்துக்கொண்டார்கள். சுருதிப் பெட்டி வைத்தது நல்ல யோசனை என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். அது ஃபிரிட்ஜ். அது படத்துக்குள் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் நான்.

மொரீஷியஸில் காலேஜ் என்றால் உயர்நிலைப் பள்ளி என்று பொருள். அப்படி ஒன்றில் நான் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல், தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில், தொலைக்காட்சி பார்ப்பது பெரும்பாலும் பிரெஞ்சில். தமிழ் அவர்களுக்குப் பாடப்புத்தகத்திலும் கோவிலிலும் இருக்கிறது. அதை வேறோர் இடத்திலும் புழங்கவிடலாமே என்று பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்பது பேரைச் சேர்த்து ஒரு பல்லூடகப் பணியைத் தொடங்கினேன். தைப்பூசத்துக்கு முந்தைய இரவில் காவடி கட்டும் ஒரு வீட்டைப் பற்றிய பத்து நிமிடப் படம், அதனுடன் கொஞ்சம் புகைப்படங்கள், வீட்டுப் பெரியவர்கள் பாடும் பாட்டுகளின் ஒலிப்பதிவு. இவ்வளவுதான் திட்டம்.

தைப்பூசம் இங்கே பொது விடுமுறை. பள்ளி திறந்த சில வாரங்களிலேயே வந்துவிடும். நடுவில் புயல் எச்சரிக்கை என்று இரண்டு நாள் பள்ளி மூடிக் கிடந்தது. எனவே பொறுப்புகளைப் பிரிக்க எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மதியம்.

கரும்பலகையில் வரிசையாக எழுதினேன்: தயாரிப்பு, இயக்கம், எழுத்து, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, புகைப்படம், வரைகலை, மொழிபெயர்ப்பு. இயக்கத்துக்கு ஐந்து கைகள் உயர்ந்தன. ஒளிப்பதிவுக்கு நான்கு. ஒலிப்பதிவுக்கு ஒருவரும் இல்லை. கடைசியில், வகுப்பில் கேள்வி கேட்டால்கூட மேசையைப் பார்த்துப் பதில் சொல்லும் ஒரு பெண்ணுக்கு அது மிஞ்சியது. அவளிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்து, “தேவையில்லாத சத்தம் கேட்டால் கையை உயர்த்து” என்றேன். அந்தக் கை உயர்ந்த பிறகு மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அங்கேயே பாதி கெட்டுவிட்டது.

தயாரிப்பு என்றால் பணம் போடுபவர் என்று நினைத்து அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. அதை எடுத்துக்கொண்ட பெண்தான் எல்லோரையும்விட அதிகம் உழைத்தாள். எங்கள் செலவெல்லாம் பஸ் கட்டணமும் பேட்டரியும்தான். ஆனால் கோவில் நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேட்டது, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் என்பதால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியது, எந்தப் பஸ்ஸில் யார் வருகிறார்கள் என்று தாளில் எழுதி வைத்தது எல்லாம் அவள்தான். காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலில்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். மலையும் படிகளும் கண்ணுக்கு அழகுதான். தைப்பூசத்தன்று அங்கே திரளும் கூட்டத்தில் ஒன்பது பிள்ளைகளைத் தொலைத்துவிட்டுத் தேட எனக்குத் துணிவில்லை. எங்கள் பக்கத்துச் சின்னக் கோவிலே போதும் என்று அவள்தான் முடிவு செய்தாள். நான் தலையாட்டினேன். நான் சரியாகத் தலையாட்டிய இடம் அது ஒன்றுதான்.

இயக்குநராகத் தேர்ந்தெடுத்த பையன் அந்த வருடம் காவடி எடுக்கிறான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கொடியேறிய நாளிலிருந்து பத்து நாள் விரதம் எங்கள் கண்ணெதிரே நடந்தது. மதிய இடைவேளையில் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். படம் எடுக்கப் போகிற வீடே அவனுடைய வீடு, பாடப் போகிறவர் அவனுடைய பாட்டி. இவ்வளவு தெரிந்தும், தைப்பூசத்தன்று காலையில் இயக்குநர் எங்கே இருப்பார் என்ற கேள்வி ஒன்பது பேருக்கும் எழவில்லை, எனக்கும் எழவில்லை.

ஆற்றங்கரையில் அவனைப் பார்த்தோம். இளஞ்சிவப்பு வேட்டி, தோளில் காவடி, நாக்கில் குறுக்கே வேல். இயக்குநரால் “ஆரம்பிக்கலாம்” என்றுகூடச் சொல்ல முடியாது. ஒளிப்பதிவுப் பெண் அவனிடம் ஓடிப்போய், ஊர்வலத்தை முன்னாலிருந்து எடுப்பதா, பக்கவாட்டிலிருந்து எடுப்பதா என்று கேட்டாள். அவன் இரண்டு விரலைக் காட்டினான். இரண்டாவது யோசனை என்று அவன் நினைத்தது, இரண்டு நிமிடம் பொறு என்று இவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் பொறுத்தாள். ஊர்வலம் பொறுக்கவில்லை. அதன் பிறகு, விரதம் இருந்து வேல் குத்தி நிற்கிறவனை இப்படிப் போய் நச்சரிக்கலாமா என்று அவன் அம்மா முறைத்தார். தயாரிப்புப் பெண் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “இன்று மாலைவரை நான் சொல்வதுதான்” என்றாள். யாரும் மறுக்கவில்லை. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும் என்று அடுத்த வருடத்திலிருந்து பலகையிலேயே இரண்டு கட்டம் போடுகிறேன். நம் ஊரில், நம் பண்டிகையைப் படம் எடுக்கும் குழுவில் பாதிப் பேர் அந்தப் பண்டிகைக்குள்ளேயே இருப்பார்கள்.

இனி ஃபிரிட்ஜ்.

அது முந்தைய இரவு. கூடத்தில் மூங்கிலை வளைத்துக் கட்டிய காவடி, தரையெல்லாம் குருத்தோலை, ஒரு தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம். மேலே இரண்டு குழல்விளக்கு. ஒளிப்பதிவுப் பெண் வந்ததும் வராததுமாக கேமராவின் திரையைப் பார்த்தாள். படத்தில் வெளிச்சம் அலைஅலையாக நகர்ந்துகொண்டிருந்தது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரிகிறது. அவள் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்காக மாற்றினாள், அலை நின்றது. யாரையும் கேட்கவில்லை. அது அவளுடைய வேலை, செய்தாள்.

பாட்டி சமையலறை வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் பாட்டுப் புத்தகம்: அவருடைய கணவர் எழுதி வைத்த, ஓரம் கரைந்த நோட்டு. பாட்டெல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல். அதில் முருகன் நாம் ஆங்கிலத்தில் எழுதுவதைவிட இரண்டு எழுத்து நீளமானவர். பாட்டி நோட்டைப் பார்க்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒலிப்பதிவுப் பெண் ஹெட்ஃபோனை மாட்டினாள். சில நொடிகளில் கையை உயர்த்தினாள். விரல் சமையலறையைக் காட்டியது.

இயக்குநர் அவளைப் பார்க்கவில்லை, பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். அந்த ஃபிரிட்ஜில் மறுநாள் செம்பில் ஊற்றப் போகும் பால் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து கோவிலுக்குப் போய்ச் சேரும்வரை பால் திரியக் கூடாது, அதுதான் இங்கே பெரிய விஷயம். விரத வீட்டில், அந்தப் பால் இருக்கிற பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொல்ல நாம் யார்? நேரமும் இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டி, கையைத் தாழ்த்திக் காட்டினேன். அவளும் கையைத் தாழ்த்திக்கொண்டாள்.

எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. யாருடைய வீட்டிலும் ஃபிரிட்ஜ் சத்தம் நமக்குக் கேட்பதில்லை, காது அதைத் தள்ளிவிட்டுவிடும். மைக் தள்ளாது. ஒன்பது பேரில் மைக்குக்குக் கேட்பது கேட்கிற ஒரே ஆள் அவள், அதற்காகவே அவளை அங்கே உட்கார வைத்தோம். கேட்கவே கேட்காத நான் முடிவெடுத்தேன்.

பாட்டி பாடினார். அம்மாவிடமிருந்து கற்ற காவடிப் பாட்டு. மூன்றாவது அடியில் சட்டென்று நிறுத்தி, லேசாக இருமிவிட்டு மறுபடி எடுத்தார். பாட்டு முடிந்ததும் கிரியோலில் சொன்னார்: “அந்த இடம் வந்தால் அம்மாவுக்கு எப்போதும் இருமல் வரும். பாட்டு அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் இருமக் கற்றுக்கொண்டேன்.” வீடே சிரித்தது. அவர் பேரன் தரையில் குருத்தோலைக்கு நடுவே உட்கார்ந்து, பாட்டியை அதுவரை பார்க்காதவன் போலப் பார்த்தான். பதிவு முடிந்தது என்று எல்லோரும் மகிழ்ச்சியாகக் கிளம்பினோம். அந்தப் பெண் மட்டும் ஹெட்ஃபோனை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

கணினியில் போட்டுக் கேட்டபோது என் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். படத்தொகுப்புப் பையன் தாளில், “பாட்டு: பயன்படாது, மீண்டும் எடுக்க வேண்டும்” என்று எழுதி, பக்கத்தில் ஒலிப்பதிவுப் பெண்ணின் பெயரைப் போட்டிருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தப் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். அவன் அது ஏதோ ஆசிரியரின் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான். நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு குழுவில் ஒரே ஒரு விதி சேர்ந்தது: ஒலிப்பதிவுக்காரர் கையை உயர்த்தினால் கேமரா நிற்கும், மிஸ் என்ன சொன்னாலும் நிற்கும். கடைசிப் பகுதியைச் சேர்க்கச் சொன்னது தயாரிப்புப் பெண்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மறுபடியும் பாட்டி வீட்டுக்குப் போனோம். வாசலில் வண்டியை நிறுத்தியதுமே ஒலிப்பதிவுப் பெண் என்னிடம் கையை நீட்டினாள்.

“மிஸ், கார் சாவி.”

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் கொடுத்தேன். அவள் நேராகச் சமையலறைக்குப் போய், பாட்டியிடம் அனுமதி கேட்டு, பிளக்கைப் பிடுங்கி, சாவியை ஃபிரிட்ஜுக்குள் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். திரும்பப் போட மறந்தாலும் சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே. ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்கள் செய்யும் தந்திரம் இது, எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அன்றைக்கே கேட்டிருந்தால் பாலைப் பக்கத்து வீட்டில் வைத்திருப்பேனே” என்றார். அரை மணி நேரத்தில் மூடிய பெட்டிக்குள் பாலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பது வேறு விஷயம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு அந்தப் பெண், வீட்டின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும், யாரும் அசையக் கூடாது என்றாள். பின்னால் இரண்டு துண்டை ஒட்டும்போது இடைவெளியில் போட அது வேண்டுமாம். வகுப்பில் மேசையைப் பார்த்துப் பேசும் பெண் சொல்லி, நானும் பாட்டியும் உட்படப் பத்துப் பேர் அறுபது நொடி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பாட்டி இந்தத் தடவை தடங்கலே இல்லாமல் பாடினார். கண்ணாடி போல் சுத்தமான ஒலி. மூன்றாவது அடி வந்தது, போனது. இருமல் வரவில்லை.

இருமச் சொல்லிக் கேட்கலாமா என்று மொழிபெயர்ப்புப் பையன் என் காதில் கேட்டான். அப்படிக் கேட்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

இந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பு என்றால் கடைசியில் துணைத்தலைப்பு எழுதும் வேலை என்று பலகையில் கடைசியாகப் போட்டிருந்தேன். படத்தைத் தொகுத்தவனுக்குத் தமிழ்ப் பாட்டு புரியாததால், “வேல” என்பதோடு ஒரு காட்சியை வெட்டிவிட்டு, “வனே” என்பதை அடுத்த காட்சியில் போட்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவன் இல்லாவிட்டால் முருகன் இரண்டு துண்டாக இருந்திருப்பார். எழுத்தும் அப்படியே. மென்பொருளில் தமிழைத் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறியது, “கோவில்” என்ற சொல்லைப் படிக்கவே முடியவில்லை. தெற்காசிய எழுத்துகளுக்கென்று அமைப்பில் ஒரு தேர்வு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க வரைகலைப் பெண்ணும் இவனும் ஒரு முழு மாலையைச் செலவிட்டார்கள்.

எந்தப் பாட்டைப் போடுவது? படத்தொகுப்புப் பையன் சுத்தமானதைப் போட வேண்டும் என்றான். இயக்குநர், இருமல் இல்லாவிட்டால் அது தன் பாட்டியே இல்லை என்றான். குரல்கள் உயர்ந்தன, இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒலிப்பதிவுப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். அவள் இரண்டையும் ஹெட்ஃபோனில் கேட்டாள். பழையதில் ரீங்காரம் இருக்கும் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் குறைத்துப் பார்த்தாள். ரீங்காரத்தோடு சேர்ந்து பாட்டியின் அடிக்குரலும் மெலிந்து, தொலைபேசியில் பேசுவது போல் ஆனது. குறைத்ததில் பாதியைத் திரும்பக் கொடுத்தாள்.

“இருமல் இருக்கட்டும். ஃபிரிட்ஜும் இருக்கட்டும்” என்றாள்.

படம் முடிந்து பெயர்ப் பட்டியல் போடும்போது கடைசிச் சண்டை வந்தது: யார் பெயர் முதலில்? சிரிக்க வேண்டாம், இந்த நாட்டில் வரிசை சின்ன விஷயம் அல்ல. 1998-இல் புதிய ரூபாய் நோட்டுகளில் இந்திக்குப் பின்னால் தமிழைத் தள்ளியதற்கு எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியிருந்தது. என் மாணவர்கள் அந்தக் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள், ஆளுக்கு ஒரு வரிசை வைத்திருந்தார்கள். இயக்குநர் பெயர் தனியாகப் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்றான் ஒருவன். ஆற்றங்கரையில் யார் இயக்கியது என்று தயாரிப்புப் பெண் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது. கடைசியில், பொறுப்பைக் குறிப்பிட்டு எல்லாப் பெயரும் அகர வரிசையில், ஒரே அளவில் என்று முடிவானது.

பட்டியலைத் தட்டியது வரைகலைப் பெண், சொல்லிக்கொடுத்தது ஒலிப்பதிவுப் பெண். திரையிடும் நாளில்தான் நான் அதைப் பார்த்தேன். “சுருதி: குளிர்பதனப் பெட்டி” என்று நடுவில் ஒரு வரி இருந்தது. என் பெயர் வகரத்தில் தொடங்குவது. கு முன்னால் வந்துவிடுகிறது.