பரணில் கிடந்த கலப்பைக்கிழங்கு

2024 அக்டோபர் 22
தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கப் பரணில் ஏறினேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு சாக்கு. வெங்காயம் என்று அவிழ்த்தால், செங்காந்தள் கிழங்கு! பங்குனியில் மூலனூர் சித்தப்பா கொடுத்தது. ஆடியில் நட்டிருக்க வேண்டும். ஐப்பசியே பிறந்துவிட்டது.

மொத்தம் பதினாலு. ஐந்து வற்றிச் சக்கையாகிவிட்டன. மற்றவை கையில் கனக்கின்றன. ஏர்க்கலப்பை மாதிரியே இரண்டு கை, கை நுனியில்தான் முளை. இரண்டில் அது அரிசி நீளத்துக்கு வெள்ளையாக வெளியே வந்திருக்கிறது.

அக்டோபர் 24
வேலியோரம் எட்டு நட்டாயிற்று. ஒன்பதாவது எடுக்கும்போதே இரண்டு நுனியும் ஒடிந்துபோனது. நுனி போனால் கதை முடிந்தது.

"ஆட்டுக்குட்டி அந்தப் பக்கம் போகாம பாத்துக்கடா, கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவு" என்றார் அம்மா. நியாயம்தான். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு. கீல்வாத மருந்துக்காக விதையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சர்க்கரைவள்ளி என்று நினைத்து இதைத் தின்றவர்கள் செத்தும் இருக்கிறார்கள். சமையலறைக் கூடையில் போடாமல் பரணில் போட்டது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

நவம்பர் 3
விடாத மழை. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். குடையோடு போய் வாய்க்கால் வெட்டிவிட்டேன்.

நவம்பர் 16
ஐந்து முளைத்திருக்கின்றன. மற்ற மூன்றைத் தோண்டிப் பார்க்கக் கை பரபரக்கிறது. வேண்டாம்.

டிசம்பர் 13
கார்த்திகை தீபம். ஊர் வேலிகளில் எல்லாம் கார்த்திகைப்பூ, இதே செங்காந்தள்தான். என் கொடியோ முட்டி உயரம். இலை நுனியே சுருளாகிப் பிடி தேடுகிறது. ஒன்று துணிக்கொடியின் கயிற்றைச் சுற்றிக்கொண்டது. அம்மா அந்தப் பக்கம் துணி போடுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

2025 ஜனவரி 6
முதல் பூ! பச்சை ஓடிய மஞ்சள். ஆறு இதழும் மேலே மடங்கியிருக்க, சூல்தண்டு மட்டும் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது, தன் மகரந்தம் வேண்டாம் என்பதுபோல. மூலனூர்த் தோட்டங்களில் காலையிலேயே ஆள் போய்ப் பூ பூவாக மகரந்தம் தொட்டு வைப்பார்கள். இங்கே இருப்பது ஒரே பூ, யாரோடு சேர்த்து வைப்பது?

ஜனவரி 10
மஞ்சள் ஏறக்குறைய முழுச் சிவப்பாகிவிட்டது. பக்கத்துக் கொடியில் இரண்டு மொட்டு. சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "நீங்க குடுத்த கிழங்கு பூத்துடுச்சு" என்றேன்.

"எந்தக் கிழங்கு?" என்றார்.