வளையம் வராத தட்டு

கிளிப் கழற்றிய பிறகு பல் மறுபடி நகராமலிருக்கப் போடும் அக்ரிலிக் ரீடெய்னரைக் கொண்டுவரச் சொன்னால், பிள்ளைகள் டப்பாவைத் திறக்கும்போதே ஒரு வாடை வரும். அண்ணத்தைத் தொடும் பக்கத்தை நாங்கள் பாலிஷ் செய்வதில்லை. செய்தால் பொருத்தம் கெட்டுவிடும். அந்தச் சொரசொரப்பு பல் சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸுக்கு நல்ல குடியிருப்பு. ரீடெய்னர் செய்யும் அக்ரிலிக் பிசினுக்குள்ளேயே கிருமியைக் கொல்லும் சரக்கைச் சேர்த்தால் என்ன என்று எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) தீசிஸுக்குத் தலைப்பு எடுத்தேன்.

முதலில் வெள்ளி நானோ துகள். எல்லாரும் போகிற வழி. துண்டு இறுகியதும் பார்த்தால் பழுப்பு நிறம். பதினாறு வயதுப் பெண் இதை வாயில் போடுவாளா? விட்டுவிட்டேன்.

அடுத்தது குவாட்டர்னரி அம்மோனியம் மோனோமர், அதாவது பிசினோடு இணையக்கூடிய கிருமிக்கொல்லி மூலக்கூறு. ஜப்பானில் இமாசாட்டோ குழுவினர் 1990களிலேயே பல் அடைக்கும் பிசினில் இந்த வகையை முயன்றிருக்கிறார்கள். இதன் மெதக்ரிலேட் முனை அக்ரிலிக்கோடு சேர்ந்து இறுகிவிடும். நேர்மின்னூட்டம் கொண்ட மறுமுனை, தன்மேல் வந்து உட்காரும் பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும். எனக்கு வேண்டியது கடையில் கிடைக்கவில்லை. வேதியியல் ஆராய்ச்சி மாணவரான ஒரு அண்ணன், டைமெத்திலமினோஎத்தில் மெதக்ரிலேட்டையும் புரோமோடோடெக்கேனையும் 70 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துத் தயாரித்துக் கொடுத்தார். அதை சூடாக்காமலே இறுகும் அக்ரிலிக்கின் திரவத்தில் (கோல்ட் க்யூர் லிக்விட்) கலந்தேன்.

சண்டிகரிலுள்ள கிருமி சேமிப்பகத்திலிருந்து எம்டிசிசி 890 என்ற மியூட்டன்ஸ் கிருமியை வரவழைத்து, அகார் தட்டில் பரப்பி, துண்டுகளை வைத்தேன். மறுநாள், ஒப்பிட வைத்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி வட்டைச் சுற்றி கிருமி வளராத அழகான வளையம். என் துண்டுகளைச் சுற்றி ஒன்றுமே இல்லை. சரியாகக் கலக்கவில்லையோ என்று மறுபடி செய்தேன். அப்போதும் இல்லை. ஹாஸ்டலில் போய் அழுதேன், மறைப்பானேன்.

தட்டைப் பார்த்த கைடு மேடம் சிரித்துவிட்டார். “பிசினை விட்டு வெளியவே வராத மருந்து எப்படிம்மா வளையம் போடும்?”

மேடம் சொன்னது சரி. வளையம் என்பது மருந்து கரைந்து அகாரில் பரவுவதன் அடையாளம். என்னுடையது தொட்டால் கொல்லும் வகை. தப்பு பிசினில் இல்லை, என் பரிசோதனையில். அப்புறம் துண்டின் மேலேயே கிருமிக் கரைசலை விட்டு, காத்திருந்து, கழுவி எடுத்து, படிப்படியாக நீர்த்துத் தட்டில் பரப்பினேன். வெறும் அக்ரிலிக்கின் தட்டில் எண்ண முடியாத அளவு புள்ளிகள், பிழைத்த கிருமிகளின் கூட்டங்கள். என்னுடையதில் பேனா வைத்து எண்ணிவிடலாம். மூன்று தடவை எண்ணினேன், சந்தேகத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

அடுத்து வலிமை. இந்த வகைப் பிசினுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 20795-2 சொல்வதுபோல் 64 மி.மீ. நீளம், 10 அகலம், 3.3 தடிமனில் பட்டைகள் செய்து, 37 டிகிரி தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வளைக்க வேண்டும். குறைந்தது 50 மெகாபாஸ்கல் தாங்கவேண்டும். முதல் தொகுதி படபடவென்று உடைந்தது. உடைந்த முகத்தில் குமிழிகள்: அவசரத்தில், அழுத்தத்தில் இறுகவைக்கும் பாத்திரத்தில் (பிரஷர் பாட்) வைக்காமல் விட்டிருந்தேன். அதைச் சரிசெய்தும், அம்மோனியம் மோனோமர் அதிகம் சேர்த்த பட்டைகள் அந்த 50-ஐ எட்டவில்லை. குறைவாகச் சேர்த்தவை தேறின.

வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்டார்: “வாயில போட்டதும் எச்சில் புரதம் மேல படியுமே, அப்பவும் கொல்லுமா?” அதையும் பார்த்திருந்தேன். எச்சிலில் நனைத்த துண்டுகளில் புள்ளிகள் கூடியிருந்தன. வெறும் அக்ரிலிக் அளவுக்கு இல்லை. அப்படியே சொன்னேன். செல்களுக்கு நஞ்சா என்ற பரிசோதனை பாக்கி. மிச்சமிருந்த மோனோமர் பாட்டிலை ஜூனியரிடம் கொடுத்தபோது முதல் வேலையாக, “அகார் தட்டில் வளையம் தேடாதே” என்றேன்.