வரியைக் கட்டியாச்சு, லீன் இன்னும் போகலையா?

அமெரிக்காவில் ஐஆர்எஸ் (மத்திய அரசின் வரித்துறை) பாக்கியைக் கடைசி டாலர் வரை கட்டி முடித்தவர்கள் பலர், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது "உங்கள் பெயரில் ஒரு டாக்ஸ் லீன் தெரிகிறதே" என்று கேட்டு ஆடிப்போகிறார்கள். டாக்ஸ் லீன் என்பது கட்டாத வரிக்காக அரசு உங்கள் சொத்தின் மீது வைக்கும் உரிமை. உடனே கடன் வரலாற்றைத் திரட்டும் கிரெடிட் பீரோவுக்குக் கடிதம் மேல் கடிதம் போடுகிறார்கள். பெரும்பாலும் கதவு தட்ட வேண்டிய இடம் அது இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பீரோக்களும் இப்போது டாக்ஸ் லீன்களைக் காட்டுவதே இல்லை. மாநில அட்டர்னி ஜெனரல்களுடன் 2015-ல் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, பெயர், முகவரி, அத்துடன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ பிறந்த தேதியோ இல்லாத பொதுப்பதிவுகளை ஏற்பதில்லை என்ற விதி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. லீனைப் பொதுப்பதிவில் ஏற்றும் நோட்டீஸில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. அதனால் ஏராளமான லீன்கள் அப்போதே உதிர்ந்தன. மிச்சமிருந்தவற்றையும் 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். 'கட்டிய லீன் ஏழு வருடம் ரிப்போர்ட்டில் நிற்கும்' என்று பழைய கட்டுரைகள் சொல்வது சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு மட்டுமே. இன்று நடப்பது அதுவல்ல.

ஆகவே முதல் வேலை, ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்ப்பது. வாரம் ஒருமுறை இலவசம். மூன்றிலும் லீன் இல்லையென்றால், கடன் கொடுப்பவர் அதை வேறெங்கோ பார்த்திருக்கிறார்: கவுன்ட்டி ரிக்கார்டர் (வட்டார ஆவணப் பதிவு) அலுவலகத்திலோ, அங்கிருந்து தரவு எடுத்து விற்கும் நிறுவனங்களிலோ. அங்கிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஐஆர்எஸ் லீனில் ரிலீஸ் வேறு, வித்ட்ராயல் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள்.

பாக்கி முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் ஐஆர்எஸ் லீனை ரிலீஸ் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கான சான்றிதழ் 668(இசட்). 'பாக்கி இருந்தது, தீர்ந்தது' என்பதுதான் அதன் பொருள். பழைய நோட்டீஸ் அப்படியே பதிவில் நிற்கும். ரிலீஸ் வரத் தாமதமானால் பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும். பழைய கடிதத்தில் இருந்த தொகையைக் கட்டியிருப்பீர்கள். இடைப்பட்ட நாட்களின் வட்டி சில டாலர் பாக்கி நிற்கும். அல்லது ஒரே நோட்டீஸில் மூன்று வரி ஆண்டுகள் இருக்கும், இரண்டுதான் தீர்ந்திருக்கும். எல்லா ஆண்டின் பாக்கியும் தீராமல் முழு ரிலீஸ் வராது. கட்டுவதற்கு முன்பே ஐஆர்எஸ்ஸின் சென்ட்ரலைஸ்டு லீன் ஆபரேஷன் பிரிவைக் கூப்பிட்டு, குறிப்பிட்ட தேதி வரைக்குமான பேஆஃப் தொகையை (வட்டியோடு முழுவதும் தீர்க்கும் தொகை) எழுத்தில் வாங்குங்கள். அவசரமென்றால் சாதாரண செக் வேண்டாம், வங்கியே பொறுப்பேற்றுத் தரும் கேஷியர்ஸ் செக் கொடுங்கள். சாதாரண செக் பாஸாகும்வரை அவர்கள் காத்திருப்பார்கள்.

ஐஆர்எஸ் ஆன்லைன் கணக்கில் அந்தந்த ஆண்டின் அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட்டை (கணக்கு விவரப் பட்டியல்) இறக்கிப் பாருங்கள். 582 என்ற குறியீடு லீன் போட்டதைக் காட்டும், 583 அதை நீக்கியதை. 583 வராமல் மேற்கொண்டு எந்தக் கடிதமும் எழுதிப் பயனில்லை.

நோட்டீஸையும் கையில் வைத்துப் படியுங்கள். 668(ஒய்)(சி) படிவத்தில் வரி வகை, வரிக் காலம், அடையாள எண், அசெஸ்மென்ட் (வரி விதித்த) தேதி, மறுபதிவுக்கான கடைசி நாள், பாக்கித் தொகை என்று ஆறு பத்திகள் இருக்கும். அந்தத் தொகை நோட்டீஸ் தயாரித்த நாளின் தொகை. நீங்கள் பாதி கட்டினாலும் அது மாறாது, ஆகவே அதைப் பார்த்துப் பதறாதீர்கள். 'மறுபதிவுக்கான கடைசி நாள்' பத்திதான் முக்கியம். அந்தத் தேதிக்குள் ஐஆர்எஸ் மறுபடி பதியவில்லையென்றால், அடுத்த நாளே நோட்டீஸ் தானாக ரிலீஸ் சான்றிதழாகிவிடும் என்று படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. பழைய லீன் ஒன்றுக்குத் தனிச் சான்றிதழ் கிடைக்கவில்லையா? அந்த அச்சு வாசகத்தைக் காட்டினாலே போதும்.

இனி வித்ட்ராயல். கட்டி முடித்தவர்கள் உண்மையில் கேட்க வேண்டியது இதைத்தான். வித்ட்ரா செய்த நோட்டீஸ் பதிவே ஆகாதது போலக் கருதப்படும். முன்பெல்லாம் ரிலீஸோடு விட்டுவிடுவார்கள். 2011-ல் வந்த ஃப்ரெஷ் ஸ்டார்ட் (பாக்கிக்காரர்களுக்கான ஐஆர்எஸ் சலுகைத் திட்டம்) மாற்றங்களுக்குப் பிறகு, ரிலீஸான லீனுக்கும் வித்ட்ராயல் கேட்கலாம். நிபந்தனைகள் இவை: பாக்கி தீர்ந்து லீன் ரிலீஸாகியிருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளுக்கான எல்லா ரிட்டர்ன்களும், தொழில் வைத்திருந்தால் அதன் ரிட்டர்ன்களும், தாக்கலாகியிருக்க வேண்டும், எஸ்டிமேட்டட் டாக்ஸ் (வருடத்தின் நடுவே தவணையாகக் கட்டும் வரி), ஃபெடரல் டெபாசிட் (முதலாளிகள் ஊழியர் சம்பள வரியைச் செலுத்துவது) எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது.

விண்ணப்பம் படிவம் 12277. நோட்டீஸ் நகல் இருந்தால் இணையுங்கள். இல்லையென்றால் சீரியல் எண், பதிவான தேதி, பதிவு அலுவலகம் மூன்றும் வேண்டும். நிலைமை என்ற இடத்தில் 'ரிலீஸ்டு' கட்டத்தைக் குறியுங்கள். காரணம் என்ற இடத்தில், வரி கட்டியவருக்கும் அரசுக்கும் நன்மை தருவது என்ற கட்டம். விளக்கத்தை நீட்டி முழக்க வேண்டாம். எந்தத் தேதியில் கட்டினீர்கள், எப்போது ரிலீஸானது, மூன்று வருட ரிட்டர்ன்களும் தாக்கலாகிவிட்டன, இப்போது எந்த நிலுவையும் இல்லை என்று நாலு வரி போதும். துன்பக் கதை அங்கே எடுபடாது. விதிக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக்கான அட்வைசரி (லீன் விண்ணப்பங்களைக் கவனிக்கும்) அலுவலக முகவரி ஐஆர்எஸ் வெளியீடு 4235-ல் இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். கணவன், மனைவி இருவர் பெயரிலும் லீன் என்றால் இருவரும் கையெழுத்திடுங்கள்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி தவறுவது ஒன்று. ஒரே பாக்கிக்கு இரண்டு இடங்களில் நோட்டீஸ் பதிவாகியிருக்கலாம். வீடு, நிலத்துக்கு அது இருக்கும் கவுன்ட்டியில். மற்றச் சொத்துக்கு மாநிலம் குறித்த அலுவலகத்தில். ஒவ்வொரு நோட்டீஸுக்கும் தனி சீரியல் எண். ஒன்றை மட்டும் வித்ட்ரா செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மற்றது அப்படியே நிற்கும்.

ஒப்புதல் கிடைத்தால் 10916(சி) என்ற படிவம் பதிவு அலுவலகத்துக்குப் போகும், நகல் உங்களுக்கு வரும். கிரெடிட் பீரோக்கள், கடன் கொடுத்தவர்கள் பெயரும் முகவரியும் குறித்து எழுத்தில் கேட்டால் ஐஆர்எஸ் அவர்களுக்கும் தெரிவிக்கும். கேட்காமல் தெரிவிக்காது. மறுத்தால் படிவம் 9423-ல் மேல்முறையீடு செய்யலாம்.

அடுத்தது தரவு விற்பவர்கள். லெக்ஸிஸ்நெக்ஸிஸ் ரிஸ்க் சொல்யூஷன்ஸ் போன்ற நிறுவனங்கள் கவுன்ட்டிப் பதிவுகளைத் திரட்டிக் கடன் கொடுப்பவர்களுக்குத் தருகின்றன. கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தும். உங்களைப் பற்றிய கோப்பை இலவசமாகக் கேட்டு வாங்கி, லீன் 'ஓப்பன்' என்று நின்றால் 10916(சி) நகலோடு டிஸ்ப்யூட் (திருத்தக் கோரிக்கை) போடுங்கள். நம் பெயர்களில் இன்னொரு சிக்கல்: அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், சில ஆவணங்களில் வெறும் இனிஷியலாகவும் இருப்பதால், வேறொருவர் லீன் உங்கள் கோப்பில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. முகவரியையும் கடைசி நான்கு இலக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

மூன்று பீரோக்களில் ஒன்றில் லீன் உண்மையிலேயே தெரிந்தால், அது பிழை. எந்தப் பீரோவில் தெரிகிறதோ அதற்கு சர்ட்டிஃபைடு மெயிலில், ரிட்டர்ன் ரசீதோடு எழுதுங்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வட்டமிட்ட ரிப்போர்ட் பக்கம், ரிலீஸ் அல்லது வித்ட்ராயல் நகல் இணைய வேண்டும். பொதுவாக 30 நாளுக்குள் (இலவச வருடாந்திர ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியதென்றால் 45 நாளுக்குள்) அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். 30 நாள் கெடுவின் நடுவில் நீங்கள் புதிய ஆவணம் அனுப்பினால் இன்னும் 15 நாள் கூடலாம். ஆகவே எல்லாவற்றையும் முதல் உறையிலேயே வையுங்கள். உங்களுடைய லீனை 'என்னுடையதல்ல' என்று எழுதாதீர்கள். அது பொய். உண்மையான வாதமே உங்களிடம் வலுவாக இருக்கிறது. பதில் திருப்தியில்லையென்றால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி-யில் புகார் பதியலாம்.

'லீனை அழித்துத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் கிரெடிட் ரிப்பேர் நிறுவனங்களிடம் போகாதீர்கள். வேலை முடியும் முன் பணம் வாங்குவதையே ஃபெடரல் சட்டம் தடைசெய்கிறது. மேலே சொன்ன படிவம் 12277-க்குக் கட்டணமும் கிடையாது.

மாநில வரி லீன் என்றால் இதில் எதுவும் அப்படியே பொருந்தாது. நியூயார்க்கில் அது டாக்ஸ் வாரன்ட். தீர்ந்த பிறகு சாட்டிஸ்ஃபாக்ஷன் (பாக்கி தீர்ந்ததற்கான சான்று) பதிவாக வேண்டும். மற்ற மாநிலங்களுக்கு அவரவர் வரித்துறையிடம் ரிலீஸ் மட்டும்தானா, வித்ட்ராயலும் உண்டா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.